மழைக்காலத்திலும் தோல் வறண்டால்

கேள்வி: ரங்கூனில் இருக்கிறேன், வயது 42. சில மாதங்களாகத் தோல் ரொம்ப வறண்டு, முழங்காலுக்குக் கீழே செதில் செதிலாக உதிர்கிறது. மழைக்காலத்திலும் அப்படியே. உள்ளங்கை மஞ்சளாக இருக்கிறதே என்று காமாலைக்கு டெஸ்ட் எடுத்தேன், இல்லை என்றார்கள். தினமும் தனாக்கா (மரப்பட்டையை அரைத்த பூச்சு) பூசுவதால்தான் இப்படி என்கிறார் மாமியார். எந்த கிரீம் போடலாம் டாக்டர்?

பதில்: கிரீம் இருக்கட்டும் சகோதரி, முதலில் ரத்தத்தில் டிஎஸ்எச், கூடவே ஃப்ரீ டி4 என்ற தைராய்டு டெஸ்டுகளைப் பாருங்கள். தனாக்கா பூசுவது முகத்தில், உதிர்வது காலில், அதன்மேல் பழி போட முடியாது. துவைத்த துணியே காயாத ரங்கூன் மழையிலும் தோல் வறள்கிறதென்றால் காரணத்தை உடம்புக்குள்ளேதான் தேட வேண்டும்.

தைராய்டு சுரப்பு குறைந்தால் வியர்வை, எண்ணெய்ப்பசை, தோலுக்கு வரும் ரத்த ஓட்டம் எல்லாமே குறைந்து, தோல் சொரசொரப்பாகி, தொட்டால் சில்லென்று இருக்கும். உள்ளங்கை மஞ்சளுக்கும் இதுவே காரணமாகலாம்: பூசணி, பப்பாளி, காரட்டில் உள்ள கரோட்டினை உடம்பு வைட்டமின் ஏ ஆக மாற்றுவது மந்தமாகி, மிச்சம் தோலில் தங்கிவிடுகிறது. காமாலை என்றால் கண்ணின் வெள்ளையும் மஞ்சளாகும், இதில் ஆகாது.

காலையில் தனாக்கா பூசுவதற்கு முன்னால், நல்ல வெளிச்சத்தில் கண்ணாடி பாருங்கள். புருவத்தின் காதுப்பக்க நுனி மெலிந்திருக்கிறதா, இமை உப்பியிருக்கிறதா? பூச்சுக்கு அடியில் இதெல்லாம் வீட்டார் கண்ணில் படாமலே போகும். ஆனால் புருவத்தை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள், வயதானாலும் அது மெலியும்.

முடி கொட்டுகிறதென்று பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறீர்களா? டெஸ்டுக்கு இரண்டு நாள் முன்பே நிறுத்திவிட்டு லேபிலும் சொல்லுங்கள், ரிசல்டையே மாற்றிக் காட்டிவிடும்.

தைராய்டு குறைவு உறுதியாகி லெவோதைராக்சின் என்ற தைராய்டு ஹார்மோன் மாத்திரை கொடுத்தால், எழுந்ததும் வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட்டுக்கொள்ளுங்கள். டீயும், மொகிங்கா என்ற மீன் நூடுல்ஸும் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் கழித்துத்தான். இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளுக்கு 4 மணி நேர இடைவெளி வேண்டும். 6 முதல் 8 வாரத்தில் மறுபடி டிஎஸ்எச் பார்த்து அளவைச் சரிசெய்வார்கள். தோல் பழையபடி ஆக மாதக்கணக்காகும், பலன் இல்லையென்று நடுவில் விட்டுவிடாதீர்கள். அதுவரை குளித்த ஈரம் காயும் முன்னே தேங்காய் எண்ணெயோ வாசலினோ தடவினால் போதும், கடையில் கேட்டு ஸ்டீராய்டு கலந்த கிரீம் வாங்கிப் போட வேண்டாம். அசதி, மலச்சிக்கல், அதிகக் குளிர், மாதவிலக்கில் மாற்றம் இருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். டிஎஸ்எச் சரியாக இருந்தால் மறுபடி எழுதுங்கள், சர்க்கரை, சிறுநீரகம் பக்கம் பார்ப்போம்.