பாட்டி ஊட்டினால் சாப்பிடுகிறான், நான் ஊட்டினால் துப்புகிறான்!

கேள்வி: என் மகனுக்கு 2 வயது. நான் வேலைக்குப் போவதால் பகலில் மாமியார் பார்த்துக்கொள்கிறார். செல்போனில் பாட்டுப் போட்டு அவர் ஊட்டினால் கிண்ணம் காலி. இரவு நான் ஊட்டினால் துப்புகிறான், தரையில் புரண்டு அழுகிறான். செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டாரா? வேலையை விட்டுவிடலாமா?

பதில்: வேலையை விட வேண்டாம். மாமியாரையும் குற்றம் சொல்ல வேண்டாம். முதலில், மாலை 4 மணியிலிருந்து 8 மணி வரை அவன் வயிற்றுக்குள் என்னென்ன போகிறது என்று ஒரு வாரம் எழுதிப் பாருங்கள். ஒரு டம்ளர் பால், நாலு பிஸ்கட், நீங்கள் ஆசையாக வாங்கிவந்த கேக், திரும்பவும் பால். இதற்கு மேல் இட்லி எங்கே இறங்கும்?

ஒரு நாளைக்கு அரை லிட்டருக்கு மேல் பால் குடிக்கும் குழந்தைக்குச் சாப்பாட்டில் நாட்டம் இருக்காது. பாலில் இரும்புச்சத்தும் மிகக் குறைவு. ரத்தசோகை வந்தால் பசி மந்தமாகும், குழந்தை சிடுசிடுக்கும். நம் நாட்டில் 5 வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 100-க்கு 67 பேருக்கு ரத்தசோகை என்கிறது 2019-21 தேசிய குடும்பநல ஆய்வு. ‘அடம்’ என்று நாம் பெயர் வைப்பதில் கொஞ்சம் இதுவாகவும் இருக்கலாம். மருத்துவரிடம் கேட்டு ஹீமோகுளோபின் பார்த்துவிடுங்கள்.

இன்னொன்று, இந்த வயதில் பசி குறைவது இயல்பு. 3 கிலோவில் பிறந்த குழந்தை முதல் பிறந்தநாளில் சுமார் 9 கிலோ இருக்கும். அடுத்த ஒரு வருடத்தில் கூடுவது இரண்டு, இரண்டரை கிலோதான்.

போன் காட்டினால் கிண்ணம் காலியாவது அவன் நன்றாகச் சாப்பிடுகிறான் என்பதற்கு அடையாளம் இல்லை. வயிறு நிறைந்தது தெரியாமல் விழுங்குகிறான். அந்தக் காலத்தில் நிலாவைக் காட்டியும்தானே ஊட்டினோம் என்பார்கள். சரிதான், ஆனால் அப்போது பாட்டி பேசிக்கொண்டே பேரன் முகத்தைப் பார்த்து ஊட்டினார். போதும் என்று அவன் தலையைத் திருப்பியது அவருக்குத் தெரிந்தது.

அதற்காக எடுத்தவுடன் “போன் காட்டாதீங்க அத்தை” என்று ஆரம்பிக்காதீர்கள். சாயங்காலம் நீங்கள் வந்து மிச்சச் சோற்றைப் பார்த்து என்ன சொல்வீர்களோ என்ற பயத்தில்தான் பல வீடுகளில் பாட்டிகள் போனை எடுக்கிறார்கள். “அவன் மிச்சம் வெச்சா பரவாயில்ல அத்தை” என்று முதலில் நீங்கள் சொல்லுங்கள். அப்புறம் இருவரும் ஒரே விதிக்கு வாருங்கள்: என்ன உணவு, எந்த நேரம், எந்த இடம் என்பது பெரியவர்கள் முடிவு, எவ்வளவு என்பது அவன் முடிவு. அரை மணி நேரத்தில் தட்டை எடுத்துவிடலாம்.

புதிய எதையும் மெதுவாக ஏற்கும் சுபாவக் குழந்தைகள் உண்டு. வற்புறுத்தினால் இவர்களுக்கு வெறுப்புதான் கூடும். ஒரே காயைப் பத்துப் பதினைந்து முறை, ஒவ்வொரு முறையும் ஒரு சின்னத் துண்டு மட்டும் வையுங்கள்.

இரவு அழுகைக்கு இன்னொரு காரணமும் இருக்கலாம். நாள் முழுக்க உங்களைப் பார்க்காதவனுக்கு அப்போது வேண்டியது உங்கள் மடி. வீட்டுக்கு வந்ததும் கால் மணி நேரம் அவனோடு உட்காருங்கள், சமையலறை காத்திருக்கட்டும்.

எடை கூடாவிட்டாலோ, விழுங்கும்போது புரையேறினாலோ, நாலைந்து உணவைத் தவிர எதையுமே தொடாவிட்டாலோ தாமதிக்காமல் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள்.