கை வாசிக்க விடாதபோது: சேர்த்து வைத்த வாத்தியங்களை விற்பது எப்படி?

கேள்வி: நாற்பது வருடங்களாகச் சேர்த்தவை: ஐந்து கிட்டார்கள், வில்லோடு இரண்டு வயலின்கள், ஓர் ஆல்டோ சாக்ஸபோன், ஓர் அப்ரைட் பியானோ, ஒரு வால்வு ஆம்ப் (கிட்டார் ஒலிபெருக்கி), ஒரு பெட்டி நிறைய எஃபெக்ட்ஸ் பெடல்கள் (கிட்டார் ஒலியை மாற்றும் கருவிகள்). முடக்குவாதத்தால் விரல்கள் மடங்குவதில்லை. வாசித்து இரண்டு வருடம் ஆகிறது. பழைய வாத்தியங்கள் வாங்கி விற்கும் ஒருவர் வந்து பார்த்துவிட்டு, எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு தொகை சொல்லியிருக்கிறார். கொடுத்துவிடலாமா? விற்பதற்கு முன் எதையெல்லாம் பழுதுபார்க்க வேண்டும்?

பதில்: இப்போதைக்குக் கொடுக்காதீர்கள். அவர் ஏமாற்றுகிறார் என்று சொல்லவில்லை. மொத்த விலை சொல்பவர் சுலபமாக விற்றுப்போகும் இரண்டு மூன்று உருப்படிகளை வைத்துத்தான் கணக்குப் போடுவார். மற்றவை அந்தத் தொகைக்குள் சும்மா போய்விடும். இப்படிச் சேர்ந்த வாத்தியங்களில் மதிப்பில் பெரும்பகுதி ஒன்றிரண்டில்தான் இருக்கும். சில சமயம் அது வயலினாகக்கூட இருக்காது, அதன் பெட்டிக்குள் கிடக்கும் வில்லாக இருக்கும். அது எது என்று உங்களுக்குத் தெரியும்வரை விலை பேச்சே வேண்டாம்.

பழுதுபார்ப்பதற்குப் பதில்: எதையும் தொடாதீர்கள். மெருகு ஏற்றவும் வேண்டாம். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் உங்கள் கை. மருந்தைச் சமீபத்தில் மாற்றியிருந்தால் மூன்று மாதமாவது பொறுங்கள். முடக்குவாதத்துக்குத் தரும் சில மருந்துகளின் பலன் தெரியவே 6 முதல் 12 வாரம் ஆகும். வேறு நோயால் வாசிப்பை நிறுத்தியவர்களும் நோய் இன்னதென்று உறுதியாகத் தெரிந்த பிறகே விற்கும் முடிவுக்கு வரவேண்டும். பியானோ கலைஞர் லியோன் ஃப்ளைஷருக்கு 1960களின் நடுவில் டிஸ்டோனியா என்ற தசைக் கட்டுப்பாட்டுக் கோளாறால் வலது கை விரல்கள் தானாக மடங்கத் தொடங்கின. பல வருடங்கள் இடது கைக்கு மட்டும் எழுதப்பட்டவற்றை வாசித்தவர், 1990களில் சிகிச்சைக்குப் பிறகு மீண்டும் இரண்டு கைகளாலும் மேடையேறினார். எல்லோருக்கும் அப்படி நடக்காது. ஆனால் விற்றுவிட்ட வாத்தியத்தை அதே விலைக்குத் திரும்ப வாங்குவது ஏறக்குறைய நடக்காத காரியம். ஐந்து கிட்டார்களில் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள் என்பது என் அபிப்பிராயம். 12 கேஜ் கம்பியை அதைவிட மெல்லிய 10 கேஜாக மாற்றி, அரை சுரம் இறக்கிச் சுருதி சேர்த்தால் விரலுக்கு வேலை நிறையவே குறையும். அதுவும் முடியாவிட்டால் மடியில் கிடத்தி, ஸ்லைடு என்ற வழவழப்பான உருளையைக் கம்பிமேல் வைத்து வாசிக்கலாம். கம்பியை விரலால் அழுத்தவே வேண்டாம்.

இனி விற்கும் வேலை. பெட்டிகளைத் திறக்கும் முன் ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுங்கள். எழுதக் கை வராவிட்டால் கைபேசியில் பேசிப் பதிவு செய்து, வீட்டில் யாரையாவது எழுதச் சொல்லுங்கள். ஒவ்வொன்றையும் எந்த வருடம், யாரிடம் வாங்கினீர்கள், பிறகு என்ன மாற்றினீர்கள் என்று குறியுங்கள்: ஃப்ரெட் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டை) மாற்றியது, பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் பாகம்) மாற்றியது, என்றோ கீழே விழுந்தது, அதை யார் ஒட்டினார்கள் என்பது வரை. இதெல்லாம் உங்கள் நினைவில் மட்டுமே இருக்கும் சரக்கு. மாற்றும்போது கழற்றிய பழைய ட்யூனர், பிக்கப் மூடி, கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜ் எல்லாம் ஏதாவது ஒரு மேசை இழுப்பறையில் கிடக்கும். தேடி எடுத்து உறையில் போட்டு அந்தந்தப் பெட்டியோடு கட்டிவையுங்கள். பழைய கிட்டாருக்கு அசல் உதிரிபாகம் இருக்கிறதா இல்லையா என்பதில் விலை வெகுவாக மாறும். அசல் பெட்டி, சாவி, ரசீது, கடைச்சீட்டு எல்லாமே அதே கணக்குத்தான்.

வயது கண்டுபிடிப்பதில் பலர் தடுமாறுவது சீரியல் எண்ணில். மார்ட்டின் கிட்டாரில் 1898 முதல் எண்கள் வரிசையாக ஓடுகின்றன. ஒலித்துளை வழியே டார்ச் அடித்தால் நெக் (கழுத்து) சேரும் இடத்தில் உள்ளிருக்கும் கட்டையில் எண் தெரியும்; வருடம் சுலபமாகக் கிடைத்துவிடும். கிப்சன் 1960களில் ஒரே எண்ணைத் திரும்பத் திரும்பப் போட்டிருக்கிறது. எண்ணை மட்டும் நம்ப முடியாது. ஃபெண்டரில் நெக்கின் அடிப்பகுதியில் எழுதிய தேதி அதிகம் உதவும். ஃபெண்டர் நிறுவனம் 1965 ஜனவரியில் சி.பி.எஸ். என்ற ஒளிபரப்பு நிறுவனத்தின் கைக்குப் போனது. அதற்கு முந்தையது என்றால் விலையே வேறு.

எலக்ட்ரிக் கிட்டாரில் இன்னொரு சாட்சி உண்டு. வால்யூம், டோன் பொத்தான்களுக்கு அடியில் இருக்கும் பொட்டென்ஷியோமீட்டரின் (சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் மின்பாகம்) முதுகில் ஓர் எண் பொறித்திருக்கும். 1376632 என்று இருந்தால், 137 என்பது செய்த நிறுவனமான சி.டி.எஸ்., 66 என்பது 1966, 32 என்பது அந்த வருடத்தின் 32ஆவது வாரம். கிட்டார் அதற்குப் பிறகுதான் சேர்க்கப்பட்டிருக்க வேண்டும். அந்த எண்ணுக்குப் பக்கத்தில் உள்ள பற்றவைப்பு மங்கிச் சாம்பல் நிறத்தில், யாரும் தொடாததாக இருக்க வேண்டும் என்றுதான் வாங்குபவர் எதிர்பார்ப்பார். கரகரவென்று சத்தம் வருகிறதே என்று இப்போது அந்தப் பொட்டென்ஷியோமீட்டரை மாற்றினால், 60 வருடச் சாட்சியை நீங்களே அழித்ததாகும். எதையும் பழுதுபார்க்க வேண்டாம் என்றதற்கு முதல் காரணம் இது. பழைய கிட்டாருக்குப் புதிதாக வார்னிஷ் அடித்தால் விலை பாதியாகிவிடும் என்பது இந்தத் தொழிலில் எல்லோரும் அறிந்தது. சாக்ஸபோனுக்கு லாக்கர் பூச்சைச் சுரண்டித் திரும்பப் பூசினாலும் அதே கதிதான். பஃப் செய்தபோது பூ வேலைப்பாட்டின் விளிம்புகள் மழுங்கியிருப்பது தேர்ந்த கண்ணுக்கு உடனே தெரியும். உங்கள் ஆல்டோ 1954இல் வெளிவரத் தொடங்கிய செல்மர் மார்க் சிக்ஸ் வகையாக இருந்தால், அந்த அசல் பூச்சுக்கு நல்ல விலை கிடைக்கும்.

வயலினுக்குள் ஸ்ட்ராடிவாரியஸ் என்று லேபிள் இருந்தால் பரபரப்பு வேண்டாம். ஸ்ட்ராடிவாரி 1737இல் காலமானார். 19ஆம் நூற்றாண்டிலிருந்து தொழிற்சாலைகள் அந்தப் பெயரை ஆயிரக்கணக்கான வயலின்களில் ஒட்டித் தள்ளின. லேபிளில் நாட்டின் பெயரும் ஆங்கிலத்தில் இருந்தால், அநேகமாக 1891க்குப் பிறகு செய்தது: இறக்குமதிப் பொருள்களில் நாட்டின் பெயர் வேண்டும் என்ற அமெரிக்கச் சட்டம் அப்போதுதான் வந்தது. லேபிளை விடுங்கள், மரத்தைப் பாருங்கள். டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் விரிசல் நிழலாகத் தெரியும். மேல்பலகையும் பக்கச் சட்டமும் சேரும் இடத்தில் ஒட்டு விட்டிருந்தால் கவலை இல்லை. அது வயலினில் சகஜம். வஜ்ஜிரம் (விலங்குத் தோலில் காய்ச்சும் பசை) போடத் தெரிந்த கைவினைஞருக்கு ஒரு சின்ன வேலை. சூப்பர் குளூ போட்டுவிடாதீர்கள், பின்னால் அதைப் பிரிக்கும்போது மரமே பெயரும். பின்பலகையில், உள்ளே சவுண்ட் போஸ்ட் குச்சி நிற்கும் இடத்தில் நேர்க்கோடாக விரிசல் இருந்தால்தான் பெரிய அடி. கிட்டாரில் அதற்கு ஈடானது, நட்டுக்கு (கழுத்தின் மேல்முனையில் கம்பிகள் படியும் சிறு கட்டை) பின்னால் தலைப்பகுதி ஒருமுறை முறிந்து ஒட்டியிருப்பது. எவ்வளவு அழகாக ஒட்டியிருந்தாலும் மறைக்கக்கூடாது.

வில்லைத் தனியாகப் பாருங்கள். இரண்டு வருடம் மூடிக் கிடந்த பெட்டியில், குதிரைமுடி ஒரு பக்கம் மட்டும் கத்தரித்ததுபோல் அறுந்து தொங்கினால் அது பூச்சி வேலை. இருட்டில் வளரும் வண்டுப் புழு முடியைத் தின்னும். முடி மாற்றுவது சிறு செலவு. ஆனால் பெட்டியை வெளிச்சத்தில் திறந்து வைத்து, உறிஞ்சு இயந்திரத்தால் சுத்தம் செய்யாவிட்டால் புது முடியையும் தின்றுவிடும். ஃப்ராக்குக்கு (முடியைப் பிடித்திருக்கும் அடிக்கட்டை) மேலே குச்சியில் மங்கலாக ஒரு முத்திரை இருக்கிறதா, உலோகம் வெள்ளியா நிக்கலா என்று உருப்பெருக்கியால் பாருங்கள். முத்திரையைத் தேய்த்துப் பார்க்க வேண்டாம், படம் எடுத்தால் போதும்.

ஆம்பை இரண்டு வருடம் கழித்துச் சட்டென்று ஆன் செய்வது ஆபத்து. உள்ளிருக்கும் மின்தேக்கிகள் உலர்ந்திருந்தால் வெடித்து மற்றதையும் கெடுக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே பல நூறு வோல்ட் தங்கியிருக்கலாம் என்பதால் பின்மூடியைத் திறக்கும் வேலையே வேண்டாம். பெடல்களிலும், ப்ரீஆம்ப் உள்ள கிட்டாரிலும் இருக்கும் பேட்டரிகளை இன்றே எடுத்துவிடுங்கள், ஒழுகினால் சர்க்யூட்டைத் தின்றுவிடும். கிட்டார்களை ரப்பர் பிடியுள்ள ஸ்டாண்டிலிருந்தும் எடுத்துவிடுங்கள். நைட்ரோ (நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர்) பூச்சோடு ரப்பர் சேர்ந்தால் பூச்சு இளகித் தழும்பாகும். விற்கும்வரை மர வாத்தியங்கள் உள்ள அறையில் ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதம் இருந்தால் நல்லது.

அடுத்து, பலர் யோசிக்காத ஒன்று. உங்களால் வாசித்துக் காட்ட முடியாது. வாங்குபவரோ கேட்காமல் வாங்கமாட்டார். ஆகவே நன்றாக வாசிக்கும் ஒருவரை ஒரு மதியம் அழைத்து, ஒவ்வொன்றுக்கும் இரண்டு நிமிடம் பதிவு செய்யுங்கள். எஃபெக்ட்ஸ் வேண்டாம். கிட்டாரில் ஒவ்வொரு கம்பியிலும் எல்லா ஃப்ரெட்டையும் வாசிக்கச் சொல்லுங்கள்; ஏதேனும் ஃப்ரெட்டில் கம்பி இடித்துக் கரகரத்தால் அங்கேயே தெரியும். சாக்ஸபோனில் மேலிருந்து அடி பி-ஃப்ளாட் வரை இறங்க வேண்டும். கீழ்ச் சுரங்கள் திக்கினால் எங்கோ பேட் (துளையை மூடும் மெத்தை) கசிகிறது. மெல்லிய தாள் ஒன்றைப் பேடுக்கும் துளைக்கும் நடுவே வைத்து மூடி, இழுத்துப் பாருங்கள். தடையில்லாமல் வழுக்கி வந்தால் கசிவு அந்த இடத்தில்தான். இருக்கிற நிலையை எழுதிச் சொல்லி விற்றால் போதும், எல்லாப் பேடையும் மாற்றும் செலவு அநேகமாகத் திரும்பி வராது.

மதிப்பீட்டுக்கு இரண்டு பேரைக் கேளுங்கள். மதிப்பிடுபவர் வாங்குபவராக இருக்கக்கூடாது. காப்பீட்டுக்காக முன்பு எழுதி வாங்கிய மதிப்பு இருந்தால் அதை நம்பி உட்கார வேண்டாம். அது புதிதாக ஒன்று வாங்க ஆகும் தொகை, விற்றால் கிடைப்பது அதைவிடக் குறைவு. இணையத்திலும் கேட்கும் விலையைப் பார்க்காமல் விற்று முடிந்த விலையைத் தேடுங்கள்.

கடைக்காரர் நேரடியாக வாங்கினால், தான் விற்கப்போகும் விலையில் பாதி, அல்லது அதற்குச் சற்று மேல் தருவார். அது நியாயம்தான், வாடகையும் காத்திருப்பும் அவருடையது. கடையில் வைத்து விற்றுத் தரச் சொன்னால் பொதுவாக 15 முதல் 30 சதவீதம் கமிஷன். இரண்டாவது வழியில் எழுத்தில் இருக்க வேண்டியவை: எத்தனை நாள், குறைந்தபட்ச விலை, தொலைந்தாலோ உடைந்தாலோ யார் பொறுப்பு, விற்று எத்தனை நாளில் பணம். முக்கியமாக, விற்கும்வரை வாத்தியம் உங்கள் சொத்து என்ற வாசகம். அது இல்லாமல் கடை திவாலானால் கடன்காரர்கள் உங்கள் கிட்டாரையும் அள்ளிக்கொண்டு போகக்கூடும். நீங்களே நேரடியாக விற்றால் அதிகம் கிடைக்கும். ஆனால் பெட்டியைத் தூக்கிக் காட்டி, பத்துப் பேரோடு பேச வேண்டும்; மூட்டு வலியோடு எல்லாவற்றுக்கும் அதைச் செய்யாதீர்கள். மதிப்புள்ள இரண்டுக்கு மட்டும் அந்தச் சிரமம் தகும்.

வெளிநாட்டுக்கு விற்கும்போது, அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தம் குறுக்கே வரும். பிரேசில் ரோஸ்வுட் 1992 முதல் மிகக் கடுமையான முதல் பட்டியலில் இருக்கிறது. மார்ட்டின் 1969இல் இந்திய ரோஸ்வுட்டுக்கு மாறியதால், அதற்கு முந்தைய கிட்டார் என்றால் மரத்தை உறுதி செய்யுங்கள். மற்ற ரோஸ்வுட் வகைகள் 2017இல் கட்டுப்பாட்டுக்குள் வந்தாலும், செய்து முடித்த வாத்தியங்களுக்கு 2019 நவம்பரில் விலக்குக் கிடைத்தது. வில்லின் பெர்னாம்புகோ மரம், முனையில் உள்ள தந்தம், ஆமையோடு, பியானோவின் தந்தக் கட்டைகள் எல்லாவற்றுக்கும் உங்கள் நாட்டு விதியை முன்னதாகவே கேளுங்கள். சில நாடுகளில் உள்நாட்டில் விற்கவும் தந்தத்துக்குத் தடை உண்டு.

அனுப்பும்போது கம்பிகளைத் தளர்த்துங்கள், முழுவதும் கழற்ற வேண்டாம். வயலினில் இறுக்கம் முழுக்கப் போனால் பிரிட்ஜ் விழும், அதோடு சவுண்ட் போஸ்ட்டும் சாயும். டெயில்பீஸுக்கு (கம்பிகளின் கீழ்முனையைப் பிடித்திருக்கும் கட்டை) அடியில் மடித்த மெல்லிய துணி வைத்தால் மேல்பலகை கீறாது. கிட்டாருக்கு உடையும் இடம் தலைதான். பெட்டிக்குள் தலைக்கு மேலும் கீழும் காகிதத்தை இறுக்கித் திணியுங்கள், தலை அசையவே கூடாது. குளிரில் பயணம் போன பெட்டியை 24 மணி நேரம் அறைக்குள் வைத்துவிட்டுத் திறக்கும்படி வாங்குபவரிடம் சொல்லுங்கள். இல்லாவிட்டால் பூச்சு முழுக்க வலைபோல் வெடிக்கும்.

கேட்ட விலைக்கு மேல் பணம் அனுப்பிவிட்டு, மீதியை "வண்டிக்காரருக்கு" அனுப்பச் சொல்பவரோடு பேச்சை முறித்துக்கொள்ளுங்கள். அவர் அனுப்பிய பணம் சில நாளில் வங்கியால் திரும்ப எடுக்கப்படும். நீங்கள் அனுப்பியது திரும்ப வராது.

இனி வந்துபோனவருக்குச் சொல்ல வேண்டிய பதில். வயலின்களும் வில்களும் மதிப்பீட்டுக்குப் போகின்றன, கிட்டார்கள் தனித்தனியாக விற்கப்படும் என்று சொல்லுங்கள். பியானோவுக்கும் பெடல்களுக்கும் மட்டும் அவரிடம் விலை கேளுங்கள். அப்ரைட் பியானோவைத் தூக்கிச் செல்லும் கூலி பல சமயம் அதன் விலையைவிட அதிகம். ட்யூனிங் ஆணிகள் தளர்ந்து சுருதி நிற்காததாக இருந்தால் யாரும் வாங்கவும் மாட்டார்கள். ஆகவே தூக்கும் செலவு அவருடையது என்று ஒப்புக்கொண்டாலே, அவர் சொல்லும் எந்தத் தொகையும் நல்ல விலைதான்.