சண்டை போடும் பையன்களை மிரட்டித் திருத்த முடியுமா?

கேள்வி: எங்கள் குடியிருப்பில் 15, 16 வயதுப் பையன்கள் இரண்டு கோஷ்டியாகப் பிரிந்து அடித்துக்கொள்கிறார்கள். அவர்களைச் சிறைக்குக் கூட்டிப்போய்க் காட்டினால் பயந்து திருந்துவார்கள் என்கிறார்கள் சிலர். செய்யலாமா?

பதில்: வேண்டாம். அமெரிக்காவில் இப்படிக் கைதிகளை வைத்துப் பிள்ளைகளை மிரட்டும் திட்டங்கள் பல இடங்களில் நடந்தன. ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, அப்படிச் சிறையைப் பார்த்துவந்த பிள்ளைகள் பார்க்காதவர்களைவிட அதிகமாகவே குற்றங்களில் சிக்கியிருந்தார்கள். சண்டைக்காரர்களை மட்டும் ஒன்றாக உட்காரவைத்து அறிவுரை சொல்வதிலும் ஆபத்து உண்டு. ஒருவன் முன்னால் இன்னொருவன் வீரம் காட்டத்தான் அது உதவும்.

2012இல் சிகாகோவில் வேறு மாதிரி செய்தார்கள். வன்முறை மிகுந்த பகுதிகளின் மாணவர்களுக்குக் கோடை விடுமுறையில் 8 வாரம் சம்பளத்தோடு பகுதிநேர வேலை, கூடவே வழிகாட்ட ஒரு பெரியவர். அடுத்த 16 மாதங்களில் வன்முறைக் குற்றங்களுக்காக அவர்கள் கைதானது, வாய்ப்புக் கிடைக்காதவர்களோடு ஒப்பிட்டால், 43% குறைவு. அந்தக் குறைவில் பெரும்பங்கு வேலை முடிந்த பிறகு வந்தது என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. வேலை இருந்ததால் சண்டைக்கு நேரமில்லை என்று மட்டும் இதை விளக்கிவிட முடியாது.

சரி, நீங்கள் எங்கே தொடங்குவது? ஒவ்வொரு பையனுக்கும் என்ன வரும் என்று கேளுங்கள். வீட்டில், ஆசிரியரிடம், அவனிடமே. ஒருவன் சைக்கிள் பிரித்து மாட்டுவான், இன்னொருவன் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்வான். ஒரு போன் செய்து பத்துப் பேரைச் சண்டைக்குத் திரட்டுகிறவனுக்கு ஆள் சேர்க்கும் திறமை இருக்கிறது. விளையாட்டுப் போட்டியின் அணிப் பட்டியலையும் கணக்கையும் அவனிடம் கொடுங்கள். அவன் வராவிட்டால் நின்றுபோகிற வேலையாக இருக்க வேண்டும். நாற்காலி எடுத்துப் போடுவதெல்லாம் பொறுப்பு ஆகாது. சண்டைக்குப் போகாத பிள்ளைகளும் இந்த வேலைகளைச் செய்யும் குழுவில் கலந்திருக்கட்டும். இரண்டு மூன்று பேருக்கு ஒரு பெரியவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வருஷமாவது விடாமல் வருகிறவராகப் பாருங்கள். பாதியில் காணாமல் போகிறவரால் பையன்களின் நம்பிக்கை இன்னும் கெடும்.

திறமையைப் பார்ப்பது என்றால் தப்பை மூடி மறைப்பது இல்லை. உடைத்ததை அவனே சரிசெய்யட்டும், அடிபட்டவனின் வீட்டுக்கு என்ன வேண்டும் என்றும் கேளுங்கள். அப்புறம், கத்தி போன்ற ஆயுதம் வந்துவிட்டாலோ யாராவது பழிவாங்கப் போவதாகத் தெரிந்தாலோ, குடியிருப்போர் சங்கத்துக்குள்ளேயே பேசித் தீர்க்கப் பார்க்காதீர்கள். அன்றைக்கே போலீசுக்குச் சொல்லுங்கள்.