இரும்பு மாத்திரை போட்டும் அசதி தீரவில்லையே, டாக்டர்?

கேள்வி: என் வயது 41. கம்பத்தில் இருந்து விடிகாலை ஜீப்பில் குமுளிக்கு மேலே ஏலத்தோட்ட வேலைக்குப் போய் வருகிறேன். இரண்டு வருடமாக ருமட்டாய்டு முடக்குவாதம். கோட்டயத்தில் காட்டி, வாரம் ஒருமுறை மெத்தோட்ரெக்சேட் 15 மி.கி., ஃபோலிக் ஆசிட் சாப்பிடுகிறேன். போன வாரம் ஊரில் ரத்தம் கொடுத்துப் பார்த்ததில் ஹீமோகுளோபின் 9.4, சி.ஆர்.பி. 26. ஃபெரிட்டின் 38, அதற்கு எதிரே நார்மல் என்று போட்டிருக்கிறது. நான்கு மாதமாக இரும்பு மாத்திரையும் போடுகிறேன், காலை டீயோடு. வலி தாங்காவிட்டால் மெடிக்கலில் டைக்ளோஃபெனாக் வாங்கிக்கொள்வேன். மதியத்துக்கு மேல் காய் எடுக்கக் கை எழும்புவதில்லை. வீட்டில் சோம்பல் என்கிறார்கள். வாத மாத்திரைதான் ரத்தத்தைக் குறைக்கிறதா? நிறுத்திவிடலாமா?

பதில்: நிறுத்தாதீர்கள், சகோதரி. இது சோம்பலும் இல்லை. 9.4 ஹீமோகுளோபினோடு மலைச்சரிவில் நாள் முழுக்கக் குனிந்து நிமிர்கிற உடம்பு அசந்துதான் போகும். இந்தப் பதிலை வீட்டில் உள்ளவர்களையும் படிக்கச் சொல்லுங்கள்.

உங்கள் ரிப்போர்ட்டில் என் கண்ணில் முதலில் பட்டது அந்த 'நார்மல்'தான். ஃபெரிட்டின் என்பது உடம்பில் இரும்பு எவ்வளவு இருப்பில் இருக்கிறது என்று காட்டும் அளவு. ஆனால் உடம்பில் அழற்சி இருந்தால், இருப்பு குறைந்திருந்தாலும் இந்த எண் ஏறி நிற்கும். அழற்சியைக் காட்டும் ரத்த அளவான சி.ஆர்.பி. உங்களுக்கு 26 என்பதால் அழற்சி இன்னும் அடங்கவில்லை. இப்படிப்பட்ட நிலையில் ஃபெரிட்டின் 70-க்குக் கீழே இருந்தாலே இரும்புக் குறைவாகக் கருதலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டி. எனவே 38 உங்களுக்குப் போதாது. ரத்தத்தில் இரும்பைச் சுமக்கும் புரதம் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று காட்டும் டிரான்ஸ்ஃபெரின் சாச்சுரேஷன் என்ற பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள். அது 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் சந்தேகம் தீர்ந்துவிடும்.

மாத்திரை ஏன் பிடிக்கவில்லை? அழற்சி இருக்கும்போது கல்லீரல் ஹெப்சிடின் என்ற ஹார்மோனை அதிகமாகச் சுரக்கிறது. அது குடலில் இரும்பு ஏறும் வழியை அடைக்கிறது. உள்ளே இருக்கும் இரும்பையும் வெளியே விடாது. ஸ்டோரில் சரக்கு இருந்தும் சாவி கிடைக்காத கதைதான். அந்தச் சாவி வாத மருந்திடம் இருக்கிறது. அழற்சி அடங்கினால்தான் ஹெப்சிடின் இறங்கும். மெத்தோட்ரெக்சேட்டை நிறுத்தினால் மூட்டும் கெடும், ரத்தமும் மேலும் குறையும். அந்த மருந்தே சிலருக்கு ரத்த அணுக்களைக் குறைப்பதும் உண்டு. அப்போது பெரும்பாலும் வெள்ளை அணுக்கள், பிளேட்லெட்டுகளும் சேர்ந்தே இறங்கும். அதற்காகத்தான் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் பார்க்கச் சொல்வது. வாய்ப்புண், காய்ச்சல் வந்தால் அடுத்த வேளை மருந்தைப் போடாமல் உடனே டாக்டரிடம் காட்டுங்கள். வாரத்துக்கு ஒருமுறை என்பதை மறந்து தினமும் போட்டுவிட்டால் உயிருக்கே ஆபத்து. கிழமையை அட்டையிலேயே எழுதி வையுங்கள்.

நான் அதிகம் கவலைப்படுவது டைக்ளோஃபெனாக் பற்றித்தான். அது இரைப்பையைப் புண்ணாக்கி, வலியே தெரியாமல் சொட்டுச் சொட்டாக ரத்தம் கசிய வைக்கும். சிறுநீரகத்தையும் பாதிக்கும், அது சோர்ந்தால் மெத்தோட்ரெக்சேட் உடம்பிலேயே தங்கிவிடும். கோட்டயத்து டாக்டருக்கு நீங்கள் கடையில் வாங்குவது தெரியாது. இங்கே இரும்பு மாத்திரை கொடுத்தவருக்கும் தெரியாது. எல்லையின் இரண்டு பக்கமும் வைத்தியம் பார்க்கும் பலருக்கு இதுதான் நடக்கிறது. எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரே பையில் போட்டு அடுத்த முறை டாக்டர் மேஜையில் கொட்டுங்கள். வலிக்கு என்ன போடலாம் என்பதை அவரே சொல்லட்டும். மாதவிடாய் பற்றி நீங்கள் எழுதவில்லை. உதிரப்போக்கு அதிகம் என்றால் அதையும் கூச்சப்படாமல் சொல்லுங்கள்.

டீயோடு இரும்பு மாத்திரை போடுவதை இன்றே விடுங்கள். டீயில் உள்ள டானின் இரும்பைப் பிடித்துக்கொள்ளும். எழுந்ததும் வெறும் வயிற்றில் எலுமிச்சைத் தண்ணீரோடு போட்டுவிட்டு ஜீப் ஏறுங்கள். டீயை ஒரு மணி நேரம் கழித்துக் குடிக்கலாம். கால்சியம் மாத்திரை, பால் எல்லாம் வேறு வேளைக்கு. வயிற்றைப் புரட்டினால் சாப்பாட்டுக்குப் பிறகு போடலாம், நிறுத்தத் தேவையில்லை. ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டால் இரும்பு நன்றாக ஏறுகிறது என்று இரும்புக் குறைவுள்ள பெண்களிடம் செய்து 2017-ல் வெளியான சுவிட்சர்லாந்து ஆய்வு காட்டியது. உங்களுக்கு அது பொருந்துமா என்று டாக்டரிடம் கேளுங்கள். ஒரு மாதத்தில் ஹீமோகுளோபின் ஒரு கிராமாவது ஏற வேண்டும். ஏறாவிட்டால் டிரிப்ஸாக ஏற்றும் இரும்பு இருக்கிறது. உங்களைப் போன்றவர்களுக்கு அதுதான் பல நேரம் கைகொடுக்கிறது.

சாப்பாட்டில் பீட்ரூட்டின் சிவப்பை நம்பாதீர்கள். ஆட்டு ஈரல், சுவரொட்டி (மண்ணீரல்), மீன், முருங்கைக்கீரை, கம்பு, எள் நல்லது. கூடவே நெல்லிக்காயோ கொய்யாவோ இருக்கட்டும்.

ரத்தம் ஏறிய பிறகும் கொஞ்சம் அசதி மிச்சம் இருக்கலாம். இந்த நோய்க்கே அசதி உண்டு. தைராய்டு, பி12 ஒருமுறை பார்த்துவிடுங்கள். கடினமான வேலையைக் காலையிலேயே முடித்துக்கொண்டு, மதியம் அரை மணி நேரமாவது உட்கார இடம் கேளுங்கள். கங்காணியிடம் காட்ட டாக்டரிடம் சீட்டு எழுதி வாங்கலாம்.

இரும்பு மாத்திரையால் மலம் கறுக்கும், பயம் வேண்டாம். தார் போலப் பளபளத்து, ஒட்டி, குமட்டும் நாற்றம் அடித்தால் அது ரத்தக் கசிவு. அப்படி இருந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்; அதோடு தலைசுற்றல், மூச்சுவாங்கல், நெஞ்சு படபடப்பு எது சேர்ந்தாலும் கொஞ்சமும் தாமதிக்காதீர்கள்.