சேற்றில் கிடைத்த கொக்கி வட்டுகளும் கருநிறப் பைகளும்

வணக்கம். சதுப்புநிலச் சேற்றை 125 மைக்ரான் சல்லடையில் அலசியபோது, விளிம்பெங்கும் கொக்கிகள் கொண்ட பழுப்பு வட்டுகளும் அரைவட்டக் கருநிறப் பைகளும் கிடைத்ததாகவும், அவை விதைகளா என்றும் கேட்டிருந்தீர்கள். தங்கள் விவரிப்பின்படி இரண்டுமே விலங்கெச்சங்கள்தாம்.

வட்டுகள், பிரையோசோவா என்னும் கூட்டுயிரிகள் பாதகமான பருவத்தைக் கடப்பதற்காக உருவாக்கும் ஸ்டாட்டோபிளாஸ்ட் எனும் உறக்கநிலை மொட்டுகள். கொக்கிகள் இருப்பதால் புளூமட்டெல்லா என்ற பிரையோசோவா பேரினத்தை விலக்கிவிடலாம். அதன் மொட்டுகள் நீள்வட்டமாக, கொக்கியின்றி இருக்கும். வட்டை மெல்லிய ஊசியால் நிமிர்த்தி, கொக்கிகள் எங்கிருந்து கிளம்புகின்றன என்று பாருங்கள். இரு முகங்களிலிருந்தும் தனித்தனி வரிசைகளாகக் கிளம்பி விளிம்பைத் தாண்டி நீண்டால் அது கிரிஸ்டட்டெல்லா. விளிம்பிலேயே ஒற்றை வரிசையாக, நங்கூரம் போன்ற நுனியோடு இருந்தால் பெக்டினட்டெல்லா. சேற்றில் கொக்கிகள் முறிந்துபோவது சகஜம் என்பதால், எண்ணிக்கையைவிட எஞ்சிய அடித்தண்டின் இடமே நம்பத்தக்க சான்று.

கருநிறப் பைகள், நீர்த்தெள்ளுகள் எனும் நுண்ணிய நீர்வாழ் ஓட்டுடலிகளின் முட்டையுறைகளான எபிப்பியங்கள். கீழிருந்து ஒளி பாய்ச்சினால் உள்ளே இரண்டு முட்டையறைகள் தெரிந்தால் பெரும்பாலும் டாஃப்னியா. ஒன்றே தெரிந்தால் செரியோடாஃப்னியா, சைமோசெஃபலஸ் முதலியவற்றைக் கருதலாம்.

ஒரு வேண்டுகோள்: மிதக்கும் மொட்டுகளும் இருப்பதால் அலசிய நீரின் மேற்பரப்பைப் பார்க்காமல் கொட்டிவிடாதீர்கள். சேற்றை அமிலத்தால் சுத்தம் செய்வதானால், கைட்டின் என்னும் உறுதியான பொருளால் ஆன இத்தகைய எச்சங்கள் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைத் தாங்கும். ஆனால் ஆஸ்ட்ரகாட்கள் எனும் இரட்டை ஓடுடைய சிற்றுயிரிகளின் சுண்ண ஓடுகள் அதில் கரைந்துவிடும், ஆகவே அவற்றை முன்னதாகவே பொறுக்கி எடுத்துவிடுங்கள்.