டயர் அக்கா பதில்கள்: பட்டன் நிறைய இருக்கிறதே, எதற்கு மாற்ற வேண்டும்?

சென்ற இதழில் ‘ஸ்போர்ட்ஸ் கார் வாங்குவது சுலபம், அதற்கு டயர் வாங்குவதுதான் பாடு’ என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் இரண்டு கதவு கார் வைத்திருப்பவர்களுடையது. நம் பக்கத்து ஷெட்டுகளில் இத்தனை கார் உறை போர்த்தித் தூங்குகிறதா என்று எனக்கே ஆச்சரியம். சரி, இந்த இதழ் அவர்களுக்கு. டிராக்டர்காரர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், அடுத்த மாதம் உங்கள் முறை.

அக்கா, 2012 மாடல் ஆடி டிடி குவாட்ரோ ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். டயரில் பட்டன் (ரோட்டைத் தொடும் ரப்பர் மேடு) முக்கால்வாசி இருக்கிறது. ஆனால் மழையில் பிரேக் போட்டால் வழுக்குகிறது. 18 இஞ்ச் டயர் நான்குக்கு ஒரு கடையில் 1,12,000 ரூபாய் சொன்னார்கள். மலிவாக ஏதாவது போட்டு ஓட்ட முடியாதா?
ஆர்.வி., பெருந்துறை

மலிவாகப் போடலாம். எதில் மிச்சம் பிடிப்பது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

நீங்கள் அனுப்பிய போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். சைட்வாலில், அதாவது டயரின் பக்கச் சுவரில், ‘டாட்’ என்று தொடங்கும் வரிசையின் கடைசியில் 3315 என்று நான்கு எண் இருக்கிறது. 2015-ஆம் வருடத்தின் 33-ஆவது வாரம், அதாவது ஆகஸ்ட் மாதம் பிறந்த டயர். பத்து வயதாகிவிட்டது. ரப்பருக்குள் இருக்கும் எண்ணெய்ப் பசை கார் ஓடினாலும் வற்றும், ஷெட்டில் நின்றாலும் வற்றும். காய்ந்த ரோட்டில் அது தெரியாது. முதல் மழை காட்டிக்கொடுத்துவிடும். உங்களுக்குக் காட்டிவிட்டது.

எங்கப்பா காலத்துச் சோதனை ஒன்று உண்டு. கட்டைவிரல் நகத்தை டயர் பட்டனில் அழுத்துங்கள். உயிருள்ள ரப்பர் என்றால் நகம் லேசாக உள்ளே போகும், எடுத்ததும் தடம் மறையும். கிழட்டு டயரில் நகம்தான் மடங்கும். அப்புறம் பட்டன்களுக்கு நடுவே உள்ள பள்ளத்தை டார்ச் அடித்துப் பாருங்கள். தலைமுடி போல வெடிப்பு ஓடினால் மேற்கொண்டு யோசிக்க ஒன்றுமில்லை. சட்டப்படி 1.6 மில்லிமீட்டர் பட்டன் இருந்தால் ஓட்டலாம்தான். ஆனால் சட்டம் ஆழத்தைத்தான் அளக்கிறது, ரப்பர் கல்லாகிவிட்டதா என்று கேட்பதில்லை.

இப்போது பணக் கணக்கு. வருடத்துக்கு எத்தனை கிலோமீட்டர் ஓட்டுவீர்கள்? ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு சுற்று, எப்போதாவது ஏற்காடு. கூட்டினால் 4,000 தாண்டாது என்று நினைக்கிறேன். ஆறு வருடத்தில் 24,000. அதற்குள் டயருக்கு வயதாகிவிடும். உங்களுடையது போன்ற கார்களின் டயர் தேய்ந்து சாவதில்லை, கிழடாகித்தான் சாகிறது. அப்படியிருக்க, ‘இது 60,000 ஓடும் சார்’ என்று சொல்லி விற்பவரிடம் உங்களுக்கு என்ன வேலை? சைட்வாலில் ‘ட்ரெட்வேர்’ என்று ஓர் எண் இருக்கும். 500, 600 என்றால் கெட்டி ரப்பர், மெதுவாகத் தேயும். 300-ஐ ஒட்டி இருந்தால் மென்மை, பிடிப்பு அதிகம், ஆயுள் குறைவு. அந்த எண்ணை ஒவ்வொரு கம்பெனியும் தானே சோதித்துத் தானே போட்டுக்கொள்வது, அதனால் இரண்டு கம்பெனிக்கு நடுவே ஒப்பிட்டு ரொம்பவும் நம்ப வேண்டாம். ஆனாலும் நீங்கள் பயன்படுத்தப்போகாத ஆயுளுக்குக் காசு கொடுக்காதீர்கள்.

அடுத்தது அளவு. உங்கள் டயர் 245/40 ஆர்18. அகலம் 245 மில்லிமீட்டர், சைட்வால் உயரம் அதில் 40 சதவீதம், ரிம் 18 இஞ்ச். இதில் உங்களுக்கு அதிர்ஷ்டம். ஆடி ஏ4 உட்பட, அலுவலகத்துக்குப் போகிற சாதுவான செடான்கள் பலவும் இதே அளவைத்தான் போடுகின்றன. நிறைய கார் போடும் அளவு என்றால் நிறைய கம்பெனி செய்யும், விலையில் போட்டி இருக்கும். கடையில் போய் ‘டிடிக்கு டயர்’ என்று கேட்காதீர்கள். அளவை மட்டும் சொல்லுங்கள். வண்டி பெயரைக் கேட்டதும் விலை ஏறுவதை நானே பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன்.

மிஷலின், பிரெல்லி, கான்டினென்டல் எல்லாம் மேல் வரிசை. அவை தரும் கடைசிச் சொட்டுப் பிடிப்பு ரேஸ் டிராக்கில் கடிகாரத்துக்குத் தெரியும், பெருந்துறை பைபாஸில் உங்களுக்குத் தெரியாது. யோகோஹாமா, ஹான்குக் போன்றவற்றின் ஸ்போர்ட்ஸ் ரகங்களைக் கேளுங்கள். அப்போலோ 2009-இல் வாங்கிய டச்சு கம்பெனி வ்ரெடஸ்டைன், அதன் டயரும் இங்கே கிடைக்கிறது. இந்த நடு வரிசைக்குக் கீழே, பெயரை வாசிக்கவே நாக்கு சுழலும் டயர்கள் சில உண்டு. டிடியில் அது வேண்டாம்.

அளவுக்குப் பின்னால் 93ஒய் என்று இருக்கும். 93 என்றால் ஒரு டயர் 650 கிலோ தாங்கும். அதற்குக் குறைவாக வாங்கவே கூடாது, 97 கிடைத்தால் தாராளமாக எடுக்கலாம். ஒய் என்பது 300 கிலோமீட்டர் வேகம், டபிள்யூ என்பது 270. டபிள்யூ உங்கள் காருக்குப் போதும். சைட்வாலில் ‘ஏஓ’ என்று சின்னதாக எழுதியிருந்தால் ஆடி கம்பெனி ஒப்புதல் தந்த டயர். அந்த இரண்டு எழுத்துக்காகக் கூடுதல் விலை கேட்டால் இல்லாததையே வாங்குங்கள். ஆனால் ஏஓ உள்ளதையும் இல்லாததையும் ஒரே ஆக்சிலில் கலக்காதீர்கள்.

இன்னொரு வழி உண்டு, என்னிடம் கேட்டால் நம் ரோட்டுக்கு அதுதான் நல்ல வழி: பழைய 17 இஞ்ச் ரிம் ஒரு செட் தேடிப் பிடித்து 245/45 ஆர்17 போடுவது. கணக்கு போட்டுப் பாருங்கள். 18 இஞ்ச் டயரின் மொத்த உயரம் 653 மில்லிமீட்டர், இது 652. ஸ்பீடோமீட்டருக்கு வித்தியாசமே தெரியாது. சைட்வால் மட்டும் 98-லிருந்து 110 மில்லிமீட்டர் ஆகிறது. அந்த 12 மில்லிமீட்டர் ரப்பர், தார் பெயர்ந்த குழியில் உங்கள் ரிம்மைக் காப்பாற்றும். வாங்கும் முன் ரிம்மை ஒரு முறை மாட்டிச் சுற்றிப் பாருங்கள், பிரேக் கேலிப்பரில் உரசக் கூடாது. ‘அதைவிட மலிவு’ என்று 225/45 ஆர்17-ஐ யாராவது நீட்டினால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அது 634 மில்லிமீட்டர்தான். கார் இறங்கிவிடும், ஸ்பீடோமீட்டர் இன்னும் கூட்டிக் காட்டும்.

நான்கையும் ஒன்றாக மாற்றுங்கள். இரண்டு இப்போது, இரண்டு தீபாவளிக்கு என்பது நான்கு சக்கரமும் இழுக்கும் குவாட்ரோவில் நடக்காது. முன்னும் பின்னும் டயரின் சுற்றளவு வேறுபட்டால், முன் பின் சக்கரங்களுக்கு இழுவையைப் பகிர்ந்து தரும் ஹால்டெக்ஸ் கிளட்ச் நேர் ரோட்டிலும் வேலை செய்துகொண்டே இருக்கும். அது கெட்டால் வரும் பில்லில் இரண்டு செட் டயர் வாங்கலாம். புது டயர் போட்ட முதல் 200 கிலோமீட்டர் நிதானமாகப் போங்கள், வார்ப்பு அச்சிலிருந்து எடுக்கப் பூசிய வழவழப்பு மேலே இருக்கும்.

என்னுடையது 2011 பி.எம்.டபிள்யூ இசட்4. ரன்ஃபிளாட் டயர் விலை கட்டுப்படியாகவில்லை. சாதா டயர் போட்டால் தப்பா?
எம்.எஸ்., திருப்பூர்

தப்பில்லை. வண்டி மெத்தென்றும் ஓடும். ஆனால் இசட்4-இல் ஸ்டெப்னி கிடையாது, வைக்க இடமும் கிடையாது. ரன்ஃபிளாட் என்றால் காற்று முழுக்க இறங்கினாலும் 80 வேகத்தில் சுமார் 80 கிலோமீட்டர் போய்ச் சேரலாம். சாதா டயர் போட்டால் நின்ற இடம்தான். டிக்கியில் ஒரு சின்ன ஏர் கம்ப்ரசர், பஞ்சர் கிட், டோயிங் வண்டிக்காரர் நம்பர், இந்த மூன்றும் இருந்தால் மாற்றுங்கள். இரவு இரண்டு மணிக்குத் தனியாக ஓட்டுகிற ஆள் என்றால் ரன்ஃபிளாட்டிலேயே இருங்கள். மாற்றினால் நான்கும் ஒரே ரகம், பாதி பாதி கூடாது.

உங்களுக்கு முன்னால் 225/40 ஆர்18, பின்னால் 255/35 ஆர்18 இருக்கும். அளவு வேறு என்பதால் முன் பின் மாற்றிப் போட்டுத் தேய்மானத்தைச் சமன் செய்ய முடியாது. பின் டயர் சீக்கிரம் போகும், அதற்குத் தனியாகப் பணம் எடுத்து வையுங்கள்.

இந்த வண்டியில் நான் ஒரு முறை ஏமாந்திருக்கிறேன். இதே மாடல் ஒன்று கடைக்கு வந்தது. ‘அக்கா, ஊட்டி போறேன், டயர் ஒரு பார்வை பாருங்க’ என்றார். நின்ற வாக்கில் வெளிப்பக்கம் பார்த்தேன், பட்டன் நன்றாக இருந்தது. போய்ட்டு வாங்க என்றேன். மூன்றாம் நாள் லாரியில் ஏற்றி வந்தது. லிஃப்டில் தூக்கிப் பின் டயரின் உள்பக்கம் கையை விட்டேன். விரலில் சுருக்கென்று குத்தியது. ரப்பர் போய் எஃகுக் கம்பி ஊசி ஊசியாக நீட்டிக்கொண்டிருந்தது. வெளிப்பக்கம் பாதி பட்டன், உள்பக்கம் இரண்டு விரல் அகலத்துக்கு மொட்டை. இப்படிப்பட்ட கார்களில் வளைவில் நன்றாகப் பிடிக்கட்டும் என்று சக்கரத்தின் மேல்பக்கத்தைக் கொஞ்சம் உள்ளே சாய்த்து வைத்திருப்பார்கள். அலைன்மென்ட்டும் விலகிப்போனால் உள் ஓரம் கரைந்துவிடும். நல்லவேளை, அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. அன்று வாங்கிய டயருக்கு நான் லாபம் வைக்கவில்லை, வைக்க மனசு வரவில்லை. அதற்கப்புறம் லிஃப்டில் ஏற்றாமல் எந்த ஸ்போர்ட்ஸ் காருக்கும் வாயால் சான்றிதழ் கொடுப்பதில்லை. நீங்களும் முதலில் நான்கு சக்கரத்துக்கும் அலைன்மென்ட் பாருங்கள். அதற்குக் கொடுக்கும் சில ஆயிரம்தான் டயர் செலவிலேயே பெரிய சிக்கனம்.

அக்கா, சிங்கப்பூரிலிருந்து எழுதுகிறேன். மாஸ்டா எம்எக்ஸ்-5, 1.5 லிட்டர். டயர் 195/50 ஆர்16. எல்லோரும் எல்லை தாண்டி மலேசியாவில் இருக்கும் ஜோகூர் பாரு போய் மாற்றச் சொல்கிறார்கள். இரண்டு மட்டும் மாற்றினால் போதுமா? எதை முன்னால் போடுவது?
டி.கே., தேக்கா

ஜோகூர் போவதில் தப்பில்லை. டேங்கில் முக்கால்வாசி பெட்ரோல் இல்லாமல் எல்லையில் விடமாட்டார்கள் என்பது உங்களுக்கே தெரியும், அதையும் செலவுக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கார் ஒரு டன் எடையை ஒட்டித்தான் இருக்கும், பூனைக்குட்டி. அதற்கு 84வி போதும். 84 என்றால் டயருக்கு 500 கிலோ, வி என்பது 240 கிலோமீட்டர் வேகம். ‘எக்ஸ்எல் போடுங்க, ஸ்ட்ராங்கா இருக்கும்’ என்று கடைக்காரர் சொன்னால் கேட்காதீர்கள். எக்ஸ்எல் என்பது கூடுதல் பாரம் தாங்கும் ரகம். கனமான காருக்குச் செய்த கெட்டி சைட்வால், லேசான காரைத் தூக்கித் தூக்கிப் போடும். எடை குறைவு என்பதால் டயரும் மெதுவாகத்தான் தேயும். அதனால் இந்தக் காரில் நல்ல ரகம் போட்டாலும் கட்டுப்படியாகும். நான் உங்கள் இடத்தில் இருந்தால் மலிவு ரகத்தைப் பார்க்கவே மாட்டேன்.

இரண்டு மட்டும் என்றால் புதியது பின்னால்தான். எந்தச் சக்கரம் இழுத்தாலும் இதுதான் முறை. மழைத் தண்ணீரில் முன் சக்கரம் மிதந்தால் கார் நேராகப் போகும், ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் அடங்கும். பின் சக்கரம் மிதந்தால் வால் முன்னால் வந்துவிடும். உங்கள் ஊரில் மதியம் கொட்டுகிற மழைக்கு இது சும்மா சொல்லும் பேச்சில்லை. நான்கும் ஒரே அளவு என்பதால், இனிமேல் 8,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை முன் பின் மாற்றினால் நான்கும் ஒன்றாகத் தேயும்.

கடையில் தயாரிப்புத் தேதியைப் பாருங்கள். வெயில் படாமல் உள்ளே அடுக்கிய டயர் ஒரு வருடம் பழசு என்றால் பயமில்லை, அதைச் சொல்லியே விலையைக் குறைக்கலாம். மூன்று வருடம் என்றால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

வெளிநாட்டில் கழற்றிய ஸ்போர்ட்ஸ் டயர், 80 சதவீதம் பட்டன், பாதி விலைக்குக் கிடைக்கிறது. வாங்கலாமா?
பெயர் வேண்டாம், சேலம்

வேண்டாம். கழற்றியவர் ஏன் கழற்றினார் என்று உங்களுக்குத் தெரியாது. குழியில் அடிபட்ட டயர் வெளியே பளபளவென்று இருக்கும், உள்ளே நூல் அறுந்திருக்கும். இந்தியாவில் விற்கும் டயரில் ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். 2020 ஜூன் முதல் புது டயர் இறக்குமதிக்கே லைசென்ஸ் வேண்டும். அப்படியிருக்க, இது எந்த வழியாக வந்தது என்று விற்பவரைக் கேட்டுப் பாருங்கள், முகத்திலேயே பதில் தெரியும்.

நைட்ரஜன் அடித்தால் டயர் அதிக நாள் வருமா?
எஸ்.பி., பொள்ளாச்சி

சாதா காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். இலவசமாகக் கொடுத்தால் அடித்துக்கொள்ளுங்கள். காசு கேட்டால் அந்தக் காசுக்கு ஒரு பிரஷர் கேஜ் வாங்கி, வாரம் ஒரு நாள் காலையில் வண்டியை எடுக்கும் முன் நீங்களே பாருங்கள். எவ்வளவு இருக்க வேண்டும் என்பது டிரைவர் கதவுத் தூணிலோ பெட்ரோல் மூடிக்கு உள்ளேயோ ஒட்டியிருக்கும். சைட்வாலில் அச்சடித்திருப்பது அதிகபட்ச அளவு, அதைப் பார்த்து அடிக்காதீர்கள்.