கப் கணக்கும் கிராம் கணக்கும்

கேள்வி: அமெரிக்காவில் இருக்கும் மகள் ஜாம் குறிப்பு அனுப்பியிருக்கிறாள். நறுக்கிய ஸ்ட்ராபெரி 2 கப், புளூபெரி 1 பைன்ட், பழத்தின் எடைக்குச் சமமாகச் சர்க்கரை. இங்கே கடையில் ஸ்ட்ராபெரி 200 கிராம் டப்பா, புளூபெரி 125 கிராம் டப்பா. எத்தனை வாங்குவது?
- வாசகி, மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: ஸ்ட்ராபெரி 2 டப்பா, புளூபெரி 3 டப்பா வாங்குங்கள் அம்மா. சர்க்கரை 670 கிராம்.

அமெரிக்கக் கப் ஏறக்குறைய 240 மில்லி. தண்ணீர் ஊற்றினால் 240 கிராம் இருக்கும். பழம் போட்டால் அவ்வளவு வராது, நடுவில் இடுக்கு விழும். முழு ஸ்ட்ராபெரி ஒரு கப் 145 கிராம்தான். துண்டு போட்டால் இடுக்கு அடைந்து 165 வரும். மசித்தால் 230. அதனால் 'நறுக்கிய பழம் 2 கப்' என்பதும் '2 கப் பழம் எடுத்து நறுக்கவும்' என்பதும் வேறு வேறு. உங்கள் குறிப்புக்கு 330 கிராம் வேண்டும். காம்பு கிள்ளி, அடிபட்டதைக் கழித்தாலும் 2 டப்பாவில் தேறிவிடும்.

பைன்டில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். அமெரிக்காவில் திரவத்துக்கான பைன்ட் 473 மில்லி, பழத்துக்கான பைன்ட் 551 மில்லி. புளூபெரி இந்த இரண்டாவது கணக்கில் சுமார் 340 கிராம். ஒரு கப் என்று போட்டிருந்தால் 150. ராஸ்பெரி உள்ளே குழிந்த பழம், ஒரு கப் 125க்குள் அடங்கிவிடும்.

இதை நான் கற்றது ஒரு ஜாமைக் கெடுத்துத்தான். முதல் தடவை 4 கப் முழு ஸ்ட்ராபெரியை, தண்ணீர் போல நினைத்து, 1 கிலோ என்று கணக்குப் போட்டு 1 கிலோ சர்க்கரை கொட்டினேன். பழம் உண்மையில் 580 கிராம்தான் இருந்திருக்கும். ஒரே வாரத்தில் பாட்டில் முழுக்கச் சர்க்கரை பூத்துவிட்டது. அத்தனை பழமும் வீணானது இன்னமும் மனசில் உறுத்துகிறது.

அரிசியைப் படியில் தலைதட்டி அளந்தால் ஏமாற்றாது, சின்ன மணி, நெருங்கி உட்காரும். பழத்தைத் தலைதட்ட முடியுமா? ஒருவர் கோபுரமாகக் குவிப்பார், இன்னொருவர் விளிம்போடு நிறுத்துவார். புதுச்சேரியில் பிரெஞ்சுக் குறிப்பு பார்த்துச் சமைப்பவர்களுக்கு இந்தத் தொல்லை கிடையாது, அவற்றில் மாவும் பழமும் கிராமிலேயே இருக்கும். ஒரு சின்ன டிஜிட்டல் தராசு வாங்கிவிடுங்கள். அதுவரை, டப்பாவில் போட்டிருக்கும் எடையை நம்பிச் செய்யலாம்.

அப்புறம், ஃப்ரீசரில் வைத்த பழம் என்றால் உறைந்தபடியே அளந்துவிடுங்கள். இளகினால் துவண்டு அமுங்கும், அதே கப்பில் கூடுதல் பழம் போய்விடும். ஏற்கெனவே இளகிவிட்டது என்றால் வடிந்த சாற்றையும் சேர்த்து நிறுங்கள், அதுவும் பழத்தின் எடைதான்.